ஷார்ஜா விலாசம்

தாமோதரன் கிளம்பிட்டார். கீழ வண்டியை உதைக்கிற சத்தம் ரெண்டு தடவை வந்துச்சு, ஸ்டார்ட் ஆகல, ஆகாதேன்னு வேண்டிக்கிட்டேன், மூணாவது உதையில ஆயிடுச்சு. சுவர்க் கடிகாரத்துல பன்னெண்டு அஞ்சு. தில்லைநகர்ல இருந்து பொன்மலைப்பட்டிக்கு அரை மணி நேரம், சிக்னல் எல்லாம் பச்சையா விழுந்தா இருபத்தஞ்சு நிமிஷம். அதாவது பன்னெண்டரைக்கு அந்த மனுஷன் ஹெல்மெட்டைக் கழட்டிக்கிட்டு எங்க வீட்டு கேட்டைத் திறப்பார், வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல எங்க வீட்டுக்காரர் உக்காந்திருப்பார், தாமோதரன் ஃபைலைத் திறந்து, ஜெசிந்தா மேரிங்கிறவங்க இந்த வீட்லதான் இருக்காங்களா, மியூச்சுவல் ஃபண்ட் விஷயமா வந்திருக்கேன்னு சொல்வார். முடிஞ்சுது கதை. பதினொரு வருஷமா பொத்திப் பொத்தி வச்சது ஒரே நிமிஷத்துல நடுத்தெருவுக்கு வந்துடும். சேசு மரி சூசை. போனை எடுத்து வீட்டுக்காரர்கிட்ட நானே முதல்ல சொல்லிடணும்டி, எடு. எடுக்கிறேன். கை ஜில்லுனு இருக்கு, ஏசியை எதுக்கு இவ்வளவு வச்சுத் தொலைக்கிறாங்க. எதிர்ல இருக்கிற பொண்ணு சுபாஷினி, இந்த புரோக்கர் ஆபீஸ்ல எல்லாத்துக்கும் அவதான், தாமோதரனை அனுப்பினதும் அவதான், கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே "சார்கிட்ட சொல்லிட்டீங்கள்லம்மா, வீட்ல இருக்காருல்ல?"ன்னு கேட்டா. சொல்லிட்டேன்னு தலையை ஆட்டினேன். இன்னும் ஒரு பொய். ஒண்ணோட ஒண்ணா அதுவும் இருந்துட்டுப் போகட்டும்.

தப்பு என்னுதா, இவங்களுதான்னு யோசிச்சா தலை சுத்துது. திங்கக்கிழமை ஃபண்டை வித்த பணம் பேங்க்ல ஏறுச்சுன்னு மெசேஜ் வந்ததும் கொல்லைப்பக்கம் போய் நின்னு பாத்தேன். மூணு லட்சத்து நாப்பதாயிரம் வரணும். ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்தஞ்சாயிரத்து அறுநூத்துத் தொண்ணூத்தாறுதான் வந்திருந்துச்சு. கண்ணாடியைப் போட்டுப் பாத்தேன், கழட்டிப் பாத்தேன், எப்படிப் பாத்தாலும் நாப்பத்து நாலாயிரத்து முந்நூத்து நாலு ரூபாயைக் காணோம். மறுநாள் இங்க வந்தா சுபாஷினி சாவகாசமா சொல்றா, "டாக்ஸ் பிடிச்சிருக்கும்மா, நீங்க வெளிநாட்டுல இருக்கிறவங்கல்ல, அவங்களுக்குப் பிடிச்சுட்டுத்தான் தருவாங்க." யாரு, நானா வெளிநாடு? வேளாங்கண்ணிக்கு மேல எங்கயும் போகாதவடி நானு, பாஸ்போர்ட் எந்த நிறத்துல இருக்கும்னுகூடத் தெரியாதுன்னேன். அவ கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினா. என் பேரு, என் போட்டோ, பக்கத்துல விலாசம்: பிலோமினா வீடு, அல் நஹ்தா, ஷார்ஜா. என் தங்கச்சி வீடு. போன வருஷம் எல்லார் விவரத்தையும் புதுப்பிக்கிறோம்னு யாரோ ஒரு புண்ணியவான் இங்க உக்காந்து ஷார்ஜாங்கிறதைப் பாத்துட்டு, ஒரு போன் போட்டுக் கேக்காம, என்னை வெளிநாட்டு ஆளா மாத்தி வச்சுட்டான். அது அவன் தப்பு. எழுதுனது அவன் தப்புதான். ஆனா அந்த விலாசத்தைக் கொடுத்தது யாரு? நான்தானே. பதினொரு வருஷத்துக்கு முன்னாடி இதே படியேறி வந்து, லெட்டர் எல்லாம் என் தங்கச்சி வீட்டுக்குத்தான் போகணும், எங்க வீட்டுக்கு ஒரு காயிதம்கூட வரக் கூடாதுன்னு கேட்டு எழுதி வாங்கினது இந்த மகராசிதானே.

பின்ன என்ன பண்றது. எங்க வீட்ல தபால்னா அவருக்குத்தான். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் சரி, எனக்குன்னு பேர் போட்டு எங்க அக்கா எழுதின கடுதாசியா இருந்தாலும் சரி, வாசல்ல நின்னு அவர்தான் வாங்குவார், முன்னாடி வேலை பாத்த ஒர்க் ஷாப்ல இருந்து கொண்டுவந்த ரம்பத் துண்டு ஒண்ணு வச்சிருக்கார், அதால ஓரத்தை நறுவிசா அறுத்து, நின்னுக்கிட்டே படிச்சுட்டு, அப்புறம்தான் என் கையில தருவார். கெட்ட எண்ணம் எல்லாம் கிடையாது. அதைப் பெருமையா வேற சொல்லிக்குவார். மாசாமாசம் அன்பியக் கூட்டத்துல தெருவே கூடி ஜெபம் பண்ணிட்டு உக்காந்திருக்கும், புதுசா கல்யாணம் ஆனதுங்களைப் பாத்தா போதும், "எனக்கும் ஜெசிந்தாவுக்கும் நடுவுல ஒளிவு மறைவுன்னு ஒண்ணு கிடையாதுப்பா"ன்னு ஆரம்பிச்சுடுவார். நான் அங்க பாயில உக்காந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு செபமாலையை உருட்டுவேன். எல்லாரும் நான் வெக்கப்படறேன்னு நினைச்சுக்குவாங்க.

பன்னெண்டு பத்து. தாமோதரன் தென்னூர் பாலத்துல ஏறியிருப்பார். இந்த டிவியில சிவப்பும் பச்சையுமா நம்பர் ஓடுது, யாரும் பாக்கல, ஒருத்தர் கொட்டாவி விடறார். போனைத் திறந்து வீட்டுக்காரர் பேரு வரைக்கும் வந்துட்டேன். சவரிராஜ். விரல் அந்தப் பேருக்கு மேல நிக்குது. என்னன்னு ஆரம்பிப்பேன்? என்னங்க, ஒரு ஆள் வருவாருங்க. யாரு? புரோக்கர் ஆபீஸ்ல இருந்து. எந்த புரோக்கர், வீட்டு புரோக்கரா? இல்லைங்க. அப்புறம்? அந்த "அப்புறம்"ங்கிற இடத்துல வந்து வந்து நிக்கிறேன், அதைத் தாண்ட முடியல. சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறதுக்கும் குஞ்சம் கட்டுறதுக்கும் பெரிய கடைவீதிக் கடையில நாப்பது ரூபா தந்தாங்க, உங்ககிட்ட இருபதுன்னு சொன்னேன். அப்புறம் அவங்க எண்பது ஆக்கினாங்க, நான் நாப்பது ஆக்கினேன். பாதி வீட்டுக்கு, பாதி இங்க, மாசம் ஆயிரத்து ஐநூறு. இதைச் சொல்றதுக்கு எத்தனை நேரம் ஆகும், ஒரு நிமிஷம். ஒரு நிமிஷத்துச் சமாச்சாரத்துக்குத்தான் இப்படி வேர்த்துக் கொட்டுது, இந்தக் குளிர்லயும்.

பாவசங்கீர்த்தனத்துல இதைச் சொன்னதே இல்லை. மாசாமாசம் முதல் வெள்ளி போய் முட்டி போட்டு, கோவப்பட்டேன் சாமி, பக்கத்து வீட்டு விக்டோரியாவைப் பத்திப் புறணி பேசினேன் சாமி, பூசையில பராக்குப் பாத்தேன் சாமின்னு எல்லாத்தையும் கொட்டுவேன். இந்த ஒண்ணு மட்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போயிடும். இது பாவமா இல்லையான்னே எனக்கு முடிவாத் தெரியாது. திருடினேனா? என் கண்ணு எரிய எரிய, ஊசி குத்திக் குத்திச் சேத்த காசு. பொய் சொன்னேன், அது பாவம்தான். ஆனா பாவம்னு சொல்லி மன்னிப்பு வாங்கிட்டா அப்புறம் அதை விட்டுடணும்ல, அதுதானே சட்டம். விட எனக்கு மனசு இல்லை. அதனாலதான் சொல்லல. நாளைக்கு முதல் வெள்ளி. அடேயப்பா, என்னத்தை எல்லாம் நினைக்கிறேன், வண்டி பாலத்துல போய்க்கிட்டிருக்கு.

அந்த நாப்பத்து நாலாயிரம் போனாப் போகுதுன்னு விட்டுடலாமா? சுபாஷினியைக் கூப்பிட்டு, தாமோதரனைத் திரும்பி வரச் சொல்லும்மா, எனக்கு ஒண்ணும் வேணாம், நான் ஷார்ஜாக்காரியாவே இருந்துட்டுப் போறேன்னு சொல்லிட்டா? சொல்லிடலாம். வாயைத் திறந்தா ஒரு வார்த்தை. ஆனா நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கிராப்பட்டியில ராஜாமணியம்மா கையில மூணு லட்சத்து இருபத்தஞ்சாயிரம் முழுசா வைக்கணுமே. ஒத்திக்கு வீடு. மூணு வருஷத்துக்கு வாடகை கிடையாது, காலி பண்றப்ப பணம் அப்படியே திரும்ப வந்துடும். லேப்ல ரத்தம் எடுக்கிற வேலைக்குப் பதினோராயிரம் சம்பளம் வாங்குற என் பொண்ணு ஆன்சிக்கும் அவ நாலு வயசுக் குட்டி ரியாவுக்கும் வாடகை கொடுத்து எந்த வீட்ல இருக்க முடியும்? இதை விட்டா வேற கிடையாது. கொஞ்சம் பொறுங்கம்மா, முப்பதாயிரம் அடுத்த மாசம் தர்றேன்னு ராஜாமணியம்மாகிட்ட நேத்து கெஞ்சிப் பாத்தேன். "முழுசா ஒரே கையில வந்தா எழுதுவேன், இல்லைன்னா அடுத்த ஆள் ரெடியா நிக்கிறாங்க"ன்னு கறாரா சொல்லிட்டாங்க. அவங்களுக்கும் பொண்ணு இருக்கு, கல்யாணச் செலவு. பிலோமினாகிட்ட கேட்டேன், "அக்கா, இந்த மாசம்தான் எனக்கு வேலை போயிடுச்சு, உங்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன்"னு அழுவுறா. அவளைத் தேத்திட்டு போனை வச்சேன். கழுத்துச் சங்கிலியை அடகு வச்சா? சாயங்காலம் காபி கொடுக்கும்போதே கழுத்தைப் பாத்துடுவார். மத்த நகையெல்லாம் ஆன்சிக்குப் போட்டாச்சு, ஆன்சி நகையெல்லாம் ஆல்பர்ட் பீரோவுக்குள்ள இருக்கு. அந்த பீரோ சாவியும் அவன் பாக்கெட்ல, வாசல் சாவியும் அவன் பாக்கெட்ல.

வாசல் சாவி. மாப்பிள்ளை ஆல்பர்ட் வேலைக்குப் போகும்போது வெளிய பூட்டிட்டுப் போவான். உள்ள இவளும் குழந்தையும். பூட்டுவேன்னு முதல்ல சும்மா சொல்றான்னு நினைச்சிருக்கா, அப்புறம் பாத்தா தினம் பூட்டு. லேப் வேலையை விடச் சொன்னான், விட்டா. ஒரு நாள் அடுப்பு ட்யூப்ல கேஸ் கசிஞ்சு வீடு முழுக்க நாத்தம், ரியா இருமி இருமி மூஞ்சி நீலமாயிடுச்சாம், இவ ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவைப் பாத்துக் கத்தியிருக்கா. எதிர்வீட்டு இட்லி மாவுக்காரர் வந்து பூட்டை உடைச்சார். அன்னைக்கே ஆட்டோ ஏறி வந்துட்டா. மூணு மாசமாச்சு, மறுபடியும் லேப் வேலைக்குப் போறா. வந்தவகிட்ட இவர் கேட்டது என்ன தெரியுமா? "பூட்டுறான், சரி, அடிக்கிறானா?" இல்லப்பான்னா. "அடிக்கலல்ல, திருட்டுப் பயத்துல பூட்டியிருப்பான், பேசிக்கலாம்"னார். நான் அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன். கையில இருந்த டம்ளரைத் தூக்கி எறிஞ்சிருக்கணும். எறியல. கழுவி வச்சேன். வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சு பங்குச் சாமியாரும் ஆல்பர்ட் வீட்டு ஆளுங்களும் எங்க வீட்டுக்கு வர்றாங்க, பேசி முடிச்சு சாயங்காலமே ஆன்சியையும் குட்டியையும் அனுப்பி வைக்கிறதா இவர் வாக்குக் கொடுத்துட்டார். பிரியாணிக்கு மட்டன்கூட சொல்லி வச்சாச்சு. ஆன்சி என்கிட்ட எதுவும் கேக்கல. துணி மடிச்சுக்கிட்டே, "நான் போனா ரியாவை உங்கிட்ட விட்டுட்டுப் போறேம்மா, அவளாவது வெளிய இருக்கட்டும்"னா. அன்னைக்குத்தான் அவகிட்ட இந்தப் பணத்தைப் பத்திச் சொன்னேன். மடிச்ச துணியை அப்படியே போட்டுட்டு என் மூஞ்சியையே பாத்தா.

பன்னெண்டு பதினேழு. பாலக்கரை. அங்க கூட்டம் இருக்கும், இருக்கணும், ஏதாவது ஒரு லாரி குறுக்க நிக்கணும் மாதாவே. இல்லை, நிக்கக் கூடாது. நின்னா ரெண்டு மணிக்குள்ள பேப்பர் ஹெட் ஆபீசுக்குப் போகாது. ரெண்டு மணிக்குள்ள போச்சுன்னா பிடிச்ச பணம் சாயங்காலமே அக்கவுண்ட்ல ஏறிடும்னு சுபாஷினி சொல்லியிருக்கா, தாண்டிட்டா கவர்ன்மெண்டுக்குப் போயிடும், அப்புறம் ரிட்டர்ன் போட்டு அடுத்த வருஷம்தான் வாங்க முடியுமாம். ஆக தாமோதரன் சீக்கிரம் போகணும், அதே நேரத்துல போகவே கூடாது. எந்த மாதாகிட்ட எதைத்தான் வேண்டுறது. போன் கையில இருக்குடி. அமுக்கு. வீட்ல இவர் இப்ப மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மாத்திரை போடுவாரே, போட்டாரோ என்னமோ. சுகர் மாத்திரையைப் போடாம இப்படி ஒரு சேதியைக் கேட்டா? இதோ பாரு, மறுபடியும் ஒரு சாக்கு.

காலையில அந்த ஃபாரத்தை நிரப்பும்போது எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. நான் இந்தியாவுலதான் இருந்தேன்னு உறுதிமொழி. ஒவ்வொரு வருஷத்துக்கும் நேர்ல எத்தனை நாள் இந்தியாவில் தங்கினீர்கள்னு கட்டம் போட்டிருக்கு. முந்நூத்து அறுபத்தஞ்சு. முந்நூத்து அறுபத்தஞ்சு. லீப் வருஷத்துக்கு முந்நூத்து அறுபத்தாறு. எழுதிக்கிட்டே போறேன். சுபாஷினி எட்டிப் பாத்து, "பாஸ்போர்ட் காப்பி வைக்கணும்மா, வெளிய போகலைன்னு காட்டுறதுக்கு"ன்னா. பாஸ்போர்ட் இல்லை. "இல்லைன்னா போகலைன்னு எப்படிம்மா நிரூபிக்கிறது?" ஏம்மா, போனவதான் நிரூபிக்கணும், போகாதவ எதைத்தான் காட்டுவா? கேஸ் ரசீது காட்டவா, கோயில் சந்தா ரசீது காட்டவா, ரேஷன்ல மாசாமாசம் கைரேகை வைக்கிறேனே அதைக் காட்டவான்னு கேட்டேன். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு போல, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவ பயந்துபோய் உள்ள போய் யாரோடவோ பேசிட்டு வந்து, "நேர்ல ஆள் அனுப்புறோம்மா, வீட்டைப் போட்டோ எடுத்துட்டு, குடும்பத்துல ஒருத்தர் இவங்க இங்கதான் இருக்காங்கன்னு கையெழுத்துப் போட்டா போதும்"னா. குடும்பத்துல ஒருத்தர். ஆன்சி லேப்ல, லீவு கிடைக்காது, குட்டி எல்.கே.ஜி.யில. விக்டோரியா போடக் கூடாதான்னு கேட்டேன். பக்கத்து வீடெல்லாம் செல்லாதாம்மா, ரத்த உறவோ வீட்டுக்காரரோன்னா. கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்னிருக்கணும். ஆன்சி மூஞ்சி நினைப்புக்கு வந்துச்சு, அனுப்புங்கன்னுட்டேன்.

எங்க வீட்டுக்காரர் அடிக்கிற ஆள் இல்லை. அதுதான் தொல்லை. அடிக்கிற ஆளா இருந்தா இன்னைக்கு வலிக்கும் நாளைக்கு ஆறிடும். இவர் பேச மாட்டார். பிலோமினா முதமுதல்ல ஷார்ஜா போறப்ப வழிச்செலவுக்கு மூவாயிரம் அவர்கிட்ட சொல்லாம கொடுத்துட்டேன், அவ ஏர்போர்ட்ல வாய் தவறி நன்றி மாமான்னு சொல்லிட்டா. நாப்பத்திரெண்டு நாள். எண்ணி நாப்பத்திரெண்டு நாள் ஒரு வார்த்தை இல்லை. தட்டை வச்சா சாப்பிடுவார், காபி வச்சா குடிப்பார், என் சேலையைக்கூட அவர்தான் இஸ்திரி போட்டு வைப்பார், அந்த நல்ல பழக்கம் எல்லாம் உண்டு, ஆனா பேச மாட்டார். உப்பு வேணும்னா ஆன்சியைக் கூப்பிட்டு, அம்மாகிட்ட உப்பு கேளும்பார். நான் ரெண்டு அடி தூரத்துல நிப்பேன். மூவாயிரத்துக்கு நாப்பத்திரெண்டு நாள்னா மூணு லட்சத்து நாப்பதாயிரத்துக்கு எத்தனைன்னு கணக்குப் போட்டா நான் செத்துப்போற வரைக்கும் வரும். நாப்பதாவது நாளோ என்னவோ குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு என் பேரை நானே சொல்லிப் பாத்தேன், யாராவது கூப்பிட்டா எப்படி இருக்கும்னு. சீ, இதை எல்லாம் இப்ப எதுக்கு.

பன்னெண்டு இருபத்திரெண்டு. தாமோதரன் மேலப்புதூர் சுரங்கப்பாலத்தைத் தாண்டியிருப்பார். இதுக்கு மேல தடுக்க ஒண்ணும் இல்லை, ஜி கார்னர், அப்புறம் எங்க தெரு. முன்பின் தெரியாத ஒரு ஆள் வாயில இருந்து அவர் இதைக் கேக்கப் போறார். வாசல்ல, விக்டோரியா துணி காயப்போடுற நேரத்துல. "உங்க சம்சாரம் ஷார்ஜா விலாசம் கொடுத்திருக்காங்க சார்"னு சொன்னா அவர் மூஞ்சி எப்படிப் போகும்? பாவம், அந்த மூஞ்சியை என்னால பாக்க முடியலையே, கண்ணை மூடினாலும் தெரியுது. மேல் உதட்டை உள்ள இழுத்துக்குவார். அவங்கம்மாவை அடக்கம் பண்ணின அன்னைக்கு அப்படித்தான் நின்னார். கோவம் வந்தா நான் எதிர்த்து நின்னுடுவேன்டி, அந்த உதட்டுக்குத்தான் எனக்குப் பயம். ஒளிவு மறைவே கிடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன். அதையாவது நான் என் வாயால சொல்லணும், அந்த மரியாதைகூட இல்லைன்னா இருபத்தொம்பது வருஷம் என்ன குப்பை கொட்டினேன். அமுக்கிட்டேன். யோசிக்காம அமுக்கிட்டேன். மணி அடிக்குது. எடுக்க வேணாம், எடுக்க வேணாம். எடுத்துட்டார்.

"எங்க இருக்க? பெரிய கடைவீதின்னு சொல்லிட்டுப் போன, மணி என்னாச்சு பாத்தியா?"

"நான் தில்லைநகர்ல இருக்கேங்க. ஒரு ஆபீஸ்ல. இப்ப வீட்டுக்கு ஒரு ஆள் வருவார், தாமோதரன்னு பேரு. வந்து நான் அங்க இருக்கேனான்னு கேப்பார். ஆமான்னு சொல்லி ஒரு கையெழுத்துப் போடணும் நீங்க."

"நீ எங்க இருக்கேன்னு எவனோ வந்து என்னை எதுக்குக் கேக்கிறான்?"

சொன்னேன். எழுந்து ஜன்னல் பக்கம் போய், சுவத்தைப் பாத்துக்கிட்டு, மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். இருபது நாப்பது, ஃபண்டு, பிலோமினா விலாசம், பிடிச்ச டாக்ஸ், ரெண்டு மணி. எந்த வார்த்தை முன்னாடி வந்துச்சு எது பின்னாடி வந்துச்சுன்னு தெரியல. முடிச்சதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆரம்பிச்சுட்டார், நாப்பத்திரெண்டு நாள் ஆரம்பிச்சுடுச்சுன்னு நினைச்சேன். தூரத்துல மீன்காரி கூவுறது மட்டும் கேட்டுச்சு.

"எவ்வளவு?"

"மூணு லட்சத்து நாப்பது."

"ஆன்சிக்கா?"

"ஆமாங்க. நாளைக்குக் கிராப்பட்டியில ஒத்தி எழுதுறோம். சனிக்கிழமை அவ போயிடுவா. ஞாயித்துக்கிழமை யார் வந்தாலும் அவ அங்க இருக்க மாட்டா. அவளைத் திரும்ப அந்தப் பூட்டுக்குள்ள அனுப்ப நான் விட மாட்டேன். நீங்க பேசினாலும் சரி, பேசலைன்னாலும் சரி." இதை நானா சொன்னேன்? சொல்லிட்டேன்.

"எத்தனை வருஷமா சேக்கிற?"

"பதினொண்ணு."

அப்புறம் மெதுவா, கணக்கு வாத்தியார்கிட்ட சந்தேகம் கேக்கிற மாதிரி, "பதினொரு வருஷத்துக்கு முன்னாடி ஆன்சி பிளஸ் டூ படிச்சுக்கிட்டிருந்தாளே ஜெசிந்தா. ஆல்பர்ட்டே கிடையாதே. அப்ப இதை யாருக்குன்னு ஆரம்பிச்ச?"

மகளுக்குத்தாங்க, கல்யாணம் காட்சின்னு வரும்ல, எல்லா அம்மாவும் சேக்கிறதுதானே. பதில் தயாரா இருந்துச்சு, யாரும் நம்பக்கூடிய பதில்தான், ஆனா வெளிய வரல. ஆன்சி கல்யாணத்துக்கு இந்தப் பணத்துல இருந்து நான் ஒரு ரூபா எடுக்கலையே. கடன் வாங்கினாரே மனுஷன், அப்பகூட எடுக்கலையே. பிலோமினாவை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்து, அந்த நாப்பத்திரெண்டு நாள் முடிஞ்ச அடுத்த வாரம்தான் நான் இந்தப் படியேறினேன். எனக்குத் தெரியும், எப்பவும் தெரியும், ஆனா இப்படி நேருக்கு நேரா யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கிட்டதில்லை.

"நீயும் போறதுக்கா?"ன்னார்.

"ஏங்க"ன்னேன். அதுக்கு மேல இல்லை. நான் எங்கங்க போகப் போறேன்னு ஒரு வார்த்தை சொன்னா அந்த மனுஷனுக்குப் போதும். வாழ்நாள் பூரா நூறு தடவை சொன்ன வார்த்தை. அவர் காத்துக்கிட்டிருக்கார், மூச்சு கேக்குது. அப்ப அந்தப் பக்கம் கேட் கிரீச்சுன்னு திறந்துச்சு. "வணக்கம் சார், ஜெசிந்தா மேரிங்கிறவங்க இந்த வீட்லதான் இருக்காங்களா?" தாமோதரன் குரல். இவர் போனை வைக்கல, காதுல இருந்து கீழ இறக்கிட்டார் போல, எல்லாம் தள்ளித் தள்ளிக் கேக்குது. நான் போனைக் காதோட அழுத்திக்கிட்டேன். இல்லைன்னு சொல்லிட்டார்னா? எனக்குத் தெரியாதுன்னு உள்ள போயிட்டார்னா? ஆன்சி, குட்டி, கிராப்பட்டி, எல்லாம் அந்த ஒரு வாயில நிக்குது.

"என் சம்சாரம்தான்"னார். "இருபத்தொம்பது வருஷமா இங்கதான் இருக்கா. ஒரு நாள் தவறாம."

"சந்தோஷம் சார். நிரந்தர முகவரி இதுதானே? இங்க டிக் பண்ணணும்."

பேப்பர் புரளுற சத்தம். யாரோ செருமுறாங்க. அப்புறம் அவர் குரல், ரொம்பப் பக்கத்துல, எனக்கு இல்லை, அந்த ஆளுக்கு. "அதை என்னைக் கேக்காதீங்க தம்பி. அவ லைன்லதான் இருக்கா. அவளையே கேளுங்க."

போன் கை மாறுச்சு. "மேடம், தாமோதரன் பேசறேன். சார் உங்களைக் கேக்கச் சொல்றார். நிரந்தரமா இந்த விலாசம்தானேம்மா?" பின்னால அவர் நிக்கிறார். எனக்குத் தெரியும், உதட்டை உள்ள இழுத்துக்கிட்டு, அந்த ஆளோட காதையே பாத்துக்கிட்டு நிக்கிறார். சுபாஷினி இங்க கடிகாரத்தைக் காட்டிக் கண்ணாலயே என்னாச்சுன்னு கேக்குறா.

"ஆமாங்க, டிக் பண்ணிக்கோங்க"ன்னேன்.

நான் எதுக்காக ஆமான்னேன்னு எங்க வீட்டுக்காரர் கேக்கல. தாமோதரன்கிட்ட இருந்து போனைத் திரும்பி வாங்கவும் இல்லை. பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் "கையெழுத்து எங்க போடணும் தம்பி, கண்ணாடி இல்லை, கொஞ்சம் விரல் வச்சுக் காட்டுங்க"ன்னு அவர் கேக்கிறது கேட்டுச்சு.